'இது என்ன?' என்று கேட்பவர் பக்கம்



ஏறக்குறைய முழுவதும் கறுப்பாக இருக்கும் ஒரு புகைப்படம் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று, நடுவில் வெளுத்த திட்டு, அவ்வளவுதான். ஆளில்லை, மரமில்லை, வீடில்லை. அதன் எதிரே நிற்பவர்கள் சொல்வதை வகைப்படுத்தினால் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும். "இது என்னங்க?" என்பது முதலாவது. "கை ஆடிப்போய் எடுத்த படம் மாதிரி இருக்கே, இதை நானும் எடுப்பேனே" என்பது இரண்டாவது. "பிரமாதம், ஏதோ ஒரு மூட் இருக்கு" என்பது மூன்றாவது. கலை உலகம் முதல் இரண்டையும் ரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிட்டு, மூன்றாவது ஆளுக்கு நாற்காலி போடுகிறது. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் கட்சி. 'இது என்ன?' என்ற கேள்விதான் இப்படி உருவம் பிடிபடாத அரூபப் புகைப்படத்துக்கு உயிர். கேள்வி கேட்காமல் பாராட்டிவிட்டுப் போகிறவரால்தான் அந்தக் கலைக்கு ஆபத்து. இதைச் சான்றுகளோடு சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், இந்தக் கேள்வி ஏன் ஓவியத்தைவிடப் புகைப்படத்தின் முன்னால் இவ்வளவு பிடிவாதமாக எழுகிறது? ஓவியர் இல்லாததை வரையலாம். கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. எவ்வளவு இருண்ட படமானாலும், எவ்வளவு கலங்கிய படமானாலும், ஏதோ ஒன்றின் மேல் பட்ட வெளிச்சம் ஃபிலிமிலோ சென்சாரிலோ போய் விழுந்திருக்கிறது. ஆகவே 'இது என்ன?' என்று கேட்டால் அதற்கு ஒரு சரியான பதில் உண்டு, தவறான பதில்களும் உண்டு. 1920-இல் புகைப்படக் கலைஞர் மான் ரே நியூயார்க்கில் கலைஞர் மார்செல் துஷானின் பட்டறையில் எடுத்த படம் இதற்கு நல்ல சான்று. துஷான் செய்துகொண்டிருந்த பெரிய கண்ணாடிப் படைப்பு ஒன்று மாதக்கணக்கில் தூசி படிந்து கிடந்தது. மான் ரே கேமராவைச் சரிவாக வைத்து, நீண்ட நேரம் ஒளி விழ விட்டு அந்தத் தூசியைப் படமெடுத்தார். 1922 அக்டோபரில் பாரிஸின் 'லித்தெரத்யூர்' பத்திரிகை இதை வெளியிட்டபோது, விமானத்திலிருந்து எடுத்த காட்சி என்று அடியில் குறிப்பு போட்டிருந்தது. குறிப்பைப் படித்துவிட்டுப் பார்த்தால் வறண்ட வயல்வெளியும் வாய்க்கால் கோடுகளும் தெரியும். தூசி என்று அறிந்த பிறகு பார்த்தால் நிலம் சட்டென்று சுருங்கி மேஜை அளவுக்கு வந்துவிடும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, பார்ப்பவரின் அறிவுதான் மாறியது. ஓவியத்தில் இந்த விளையாட்டை இதே வலுவோடு ஆட முடியாது. ஓவியத் தூசியை 'உண்மையில் இது வயல்' என்று சொன்னால் யாரும் ஏமாறமாட்டார்கள், யாரும் திடுக்கிடவும் மாட்டார்கள். புகைப்படம் நிஜத்துக்குக் கட்டுப்பட்டது என்ற நம்பிக்கை பார்ப்பவரிடம் இருப்பதால்தான் அந்தக் குறிப்பு வேலை செய்தது.

இந்த நம்பிக்கையை அறிந்தே பயன்படுத்தியவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரட் ஸ்டீக்லிட்ஸ். 1922 முதல் லேக் ஜார்ஜ் என்ற ஊரில் அவர் மேகங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். அதற்கு ஒரு சண்டை காரணமாக இருந்தது. மனிதர்களை அவர் எடுத்த படங்களின் வலிமை, எதிரே உட்கார்ந்தவர்களை அவர் வசியம் செய்வதால் வருகிறது என்று ஓர் எழுத்தாளர் எழுதிவிட்டார். மேகத்தை யாரும் வசியம் செய்ய முடியாது, அது எல்லோருக்கும் பொதுவானது, அதற்கு வரி கிடையாது என்பது 1923-இல் ஸ்டீக்லிட்ஸ் கட்டுரையாக எழுதிய பதில். இந்தப் படங்களைப் பார்த்து இசையமைப்பாளர் எர்னஸ்ட் பிளாக் 'இசை, இசை' என்று கூவ வேண்டும் என்று ஆசைப்பட்டதாகவும், அப்படியே நடந்ததாகவும் அதே கட்டுரையில் சொல்கிறார். 'ஈக்விவலன்ட்ஸ்' என்று பின்னர் பெயர் பெற்ற இந்த வரிசையில் இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்கும் பிரிண்டுகள். பலவற்றில் அடிவானம் இல்லை, தரை இல்லை, எது மேல் எது கீழ் என்று பிடிபடுவதில்லை. வானம் கறுத்துக் கிடக்கிறது. அவரே ஆசைப்பட்டது இசை என்ற பதிலைத்தானே, மேகம் என்ற பதிலை இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மேகம் என்று தெரியாத ஒருவருக்கு அந்தப் படத்தில் வியப்பு ஏது? வசியம் செய்ய முடியாத, விலைக்கு வாங்க முடியாத, நாளும் தலைக்கு மேல் போகிற ஒன்று இப்படி ஆகியிருக்கிறது என்பதில்தான் ஸ்டீக்லிட்ஸின் வாதமே நிற்கிறது. 'இது மேகம்' என்ற முதல் பதிலை மிதித்து ஏறித்தான் 'இது இசை' என்ற இரண்டாவது பதிலுக்குப் போக முடியும். முதல் படியைக் கேட்கிறவரைக் கேலி செய்வது இரண்டாம் படியையும் இடிப்பதாகும்.

பார்ப்பவர் மனம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர்களின் சான்றும் இந்தப் பக்கமே சாய்கிறது. கனடாவில் கிரெய்க் மூனி 1957-இல் வெறும் கறுப்புத் திட்டும் வெள்ளைத் திட்டுமாகச் சுருக்கிய முகங்களை வைத்துச் சோதனை நடத்தினார். முதலில் சிதறிய மைக்கறையாகத் தெரிவது, ஒரு கணத்தில் முகமாகக் கூடிவிடும். கூடிவிட்ட பிறகு அதை மறுபடி வெறும் கறையாகப் பார்ப்பது கடினம். 2013-இல் ஜெர்மனியின் பாம்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளவ்டியா மூத், கிளவுஸ்-கிறிஸ்டியன் கார்போன் இருவரும் இத்தகைய படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டி, எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார்கள். உள்ளே ஒளிந்திருந்த முகம் பிடிபட்டதும் படத்தின் மீதான விருப்பம் கூடியது. கண்டுபிடித்தலே ஓர் இன்பம் என்பது அவர்கள் முடிவு. ஆனால் சோதனைச்சாலைச் சான்றை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. 2006-இல் ஹெல்முட் லேடர் குழுவினர் அரூப ஓவியங்களுக்கு விளக்கமான தலைப்பு கொடுத்துப் பார்த்தபோது, புரிந்தது என்று சொன்னவர்களின் மதிப்பெண் கூடியது, பிடித்தது என்பதற்கான மதிப்பெண் கூடவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பதிலைப் பிறர் கையில் திணித்தால் புரிதல் வரும், ஆனால் இன்பம் வரும் என்பதற்கு உறுதியில்லை. தானே தேடிப் பிடித்தால் இன்பமும் வருகிறது. தேடலைத் தொடங்கி வைப்பது எது? நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே கேள்விதான்.

தேட நேரம் வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஓவியங்களின் முன் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்து 2001-இல் வெளியான ஆய்வில் சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். அவை பெயர் பெற்ற ஓவியங்கள். இருண்ட புகைப்படத்துக்கு இன்னொரு தடையும் சேர்கிறது. அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பளபளப்பான வெள்ளி பிரிண்டில் ஆகக் கறுத்த இடம், தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதற்கு அடுத்த கறுப்பு இரண்டு பங்கு அனுப்புகிறது என்று வையுங்கள். இந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்தான் இருண்ட படத்தின் முழு வாழ்க்கையும் நடக்கிறது. இப்போது முன்னால் சாதாரணக் கண்ணாடி போட்டு மாட்டுகிறோம். அந்தக் கண்ணாடி தன் இரு பரப்பிலுமாகச் சேர்த்து நூற்றுக்கு எட்டு பங்கு ஒளியைப் பிரதிபலிக்கும். எதிரே நன்றாக வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவர் இருந்தால், அந்தச் சுவரின் பிம்பம் மட்டும் ஆறு, ஆறரை பங்கு ஒளியாகப் படத்தின் மேல் வந்து படிகிறது. ஒன்றுக்கு இரண்டு என்றிருந்த வேறுபாடு ஏழரைக்கு எட்டரை என்று ஆகிவிடுகிறது. கறுப்புகளின் பேதம் கரைந்து, பார்ப்பவர் தன் முகத்தையும் பின்னால் இருக்கும் ஜன்னலையும் பார்க்கிறார். "ஒண்ணுமே தெரியலையே" என்று அவர் சொன்னால் அது ரசனைக் குறைவு அல்ல, கண் தந்த நேர்மையான சாட்சியம். இருண்ட படங்களுக்கு எதிராக எழும் எரிச்சலில் ஒரு பகுதியை விளக்குப் போட்டவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

நல்ல முறையில் பார்க்கக் கிடைத்தால் இருட்டும் பேசும் என்பதற்கு ராய் டிகராவா சான்று. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த இந்தக் கறுப்பினக் கலைஞர், பிரிண்டில் வெள்ளையைக் கறாராகக் குறைத்து, கறுப்புக்கும் அடர்ந்த சாம்பலுக்கும் நடுவே உலாவினார். 1953-இல் அவர் எடுத்த 'ஹால்வே' என்ற படத்தில் ஒடுங்கிய நடைவழியும் மங்கிய வெளிச்சமும் தவிர வேறில்லை. ஏறக்குறைய அரூபம் என்றே சொல்லலாம். 'இது என்ன?' என்று கேட்டால், ஏழைகளுக்கென்று கட்டிய குடியிருப்பின் நடைவழி என்பது பதில். அந்தப் பதில் கிடைத்ததும் இருட்டு அலங்காரமாக இல்லாமல் செய்தியாகிவிடுகிறது. விளக்குக்குக்கூடச் செலவு செய்யாத ஒரு கட்டடத்தில் மனிதர்கள் தினமும் நடந்துபோகிறார்கள். வெளிச்சம் கூட்டி எடுத்திருந்தால் இந்தச் செய்தி பொய்யாகியிருக்கும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு நம் இரண்டாவது பார்வையாளருடையது. கை ஆடியதையும் ஃபோகஸ் தவறியதையும் கலை என்று விற்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. இதை ஜப்பானை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1968 நவம்பரில் டோக்கியோவில் 'ப்ரொவோக்' என்ற சிற்றிதழ் தொடங்கியது. தகுமா நகஹிரா, கோஜி தகி, யுதாகா தகநாஷி, தகஹிகோ ஒகாடா ஆகியோர் தொடங்கினார்கள். இரண்டாம் இதழில் டைடோ மொரியாமா சேர்ந்தார். மூன்றே இதழ்கள்தான், 1969 ஆகஸ்டோடு நின்றுவிட்டது. ஆனால் சொரசொரப்பு, ஆட்டம், ஃபோகஸ் மங்கல் என்ற மூன்று 'தவறு'களையும் அந்தக் குழு ஒரு பாணியாகவே நிறுத்திக் காட்டியது. மாணவர் கிளர்ச்சி, வியட்நாம் போர், அமெரிக்காவோடு செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிரான போராட்டம் என்று நாடு கொதித்த காலம் அது. தெளிவான செய்திப் படங்கள் ஏற்கெனவே எழுதிவைத்த செய்திக்கு விளக்கப்படமாகிவிட்டன, சொல்லுக்குப் பிடிபடாத நிஜத்தின் துண்டுகளைக் கண்ணால் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 1972-இல் மொரியாமா 'புகைப்படமே, விடைபெறுகிறேன்' என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். ஃபிலிமின் துளை விளிம்பு, கீறல், தூசி, வழக்கமாகக் குப்பைக்குப் போகும் துண்டு நெகட்டிவ்கள் எல்லாம் அதில் பக்கங்களாயின.

தவறுக்கும் தேர்வுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு இந்த நூலே பதில் வைத்திருக்கிறது. தற்செயலான தவறு ஒருமுறை வரும், வந்த இடத்தில் நிற்கும். தேர்ந்தெடுத்த தவறு பக்கத்துக்குப் பக்கம் தொடரும், ஒன்றோடொன்று உரசும், அச்சின் கறுப்பைத் திட்டமிட்டு ஏற்கும். ஆகவே 'நானும் எடுப்பேன்' என்பவருக்குச் சொல்ல வேண்டியது, 'உங்களால் முடியாது' என்பது அல்ல. ஒரு படம் அவரால் முடியும். நூறு படங்களை எடுத்து, தொண்ணூறைக் கழித்து, மீதியை ஒரு வாதமாக அடுக்கிக் காட்ட முடிகிறதா என்பதுதான் சோதனை. அந்தச் சோதனையில் தேறாத இருண்ட படங்கள் கண்காட்சிகளில் ஏராளம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது பார்வையாளரின் சந்தேகம் பல நேரம் சரியாகவே இருக்கிறது.

ஆனால் என் கட்சிக்கு வலுவான சான்று அதற்குப் பிறகு நடந்தது. 1970 அக்டோபரில் ஜப்பான் தேசிய ரயில்வே 'டிஸ்கவர் ஜப்பான்' என்ற பெரிய விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. ஒசாகா உலகக் கண்காட்சிக்கு வந்த கூட்டம் கலைந்த பிறகு ரயிலில் ஆள் ஏற வேண்டுமே! சுவரொட்டிகளில் கிராமப்புறத்தில் உலவும் இளம் பெண்கள், கூடவே கலங்கிய, ஆட்டம் கண்ட படங்கள். இரண்டு ஆண்டுக்கு முன் கலகமாக இருந்த கலங்கல், ரயில் டிக்கெட் விற்க வந்துவிட்டது. சுவரொட்டியைப் பார்த்தவர் யாரும் 'இது என்ன?' என்று கேட்டிருக்கமாட்டார்கள். 'எவ்வளவு அழகு, எப்போது போகலாம்' என்றே நினைத்திருப்பார்கள், விளம்பரத்தின் நோக்கமும் அதுதான். நகஹிரா இந்த விளம்பர இயக்கத்தைக் கண்டித்தார். 1973-இல் வெளியான தம் கட்டுரை நூலில் தம்முடைய பழைய பாணியையே கைவிட்டார். மனத்தின் மூட்டத்தைப் பொருளின் மேல் பூசுவது போதும், தாவரப் படநூல் செடியைக் காட்டுவதுபோலப் பொருளைப் பொருளாகக் காட்ட வேண்டும் என்று வாதிட்டார். தம் நெகட்டிவ்களில் பெரும்பகுதியை எரித்தும்விட்டார். 1968-இல் எரிச்சலூட்டிய படம் சில ஆண்டுகளில் எல்லோருக்கும் பிடித்துப்போனது, பிடித்துப்போன இடத்தில் அதன் வேலை முடிந்தது. பார்வையாளர்களின் வசை அந்தப் பாணியைக் கொல்லவில்லை. அதைக் கொன்றது அவர்களின் சௌகரியமான ரசனை. மூன்றாவது பார்வையாளர்மேல் எனக்குள்ள மனத்தாங்கலுக்குக் காரணம் இதுவே. 'மூட் இருக்கு' என்பது படத்தைப் பார்த்து முடித்ததாகச் சொல்லும் ரசீது. பார்க்கத் தொடங்கியதற்கு அது அடையாளமில்லை.

இரண்டாவது மறுப்பு கலைஞர்களிடமிருந்து வருகிறது. என்ன என்று சொல்லிவிட்டால் மர்மம் போய்விடும், கலையை விளக்கக் கூடாது என்கிறார்கள். மர்மம் ஒரு சொல்லில் போய்விடுமென்றால் அது எத்தனை மெலிந்த மர்மம்! ஏரன் சிஸ்கிண்ட் 1940-களிலிருந்து உரிந்த சுவர்ப்பூச்சையும் கிழிந்த சுவரொட்டியையும் தார் கோடுகளையும் நெருங்கி நின்று எடுத்தார். தலைப்பாகப் பெரும்பாலும் ஊர்ப் பெயரும் ஆண்டும் மட்டுமே கொடுத்தார். உரிந்த பூச்சு என்பது யாருக்கும் ஒளிக்கப்படவில்லை, படத்தின் வலிமை அதனால் குறையவும் இல்லை. நம் நாட்டில் நஸ்ரீன் முகமதி இருக்கிறார். கோடுகளால் ஆன அரூப வரைபடங்களுக்காகப் போற்றப்படும் அவர் புகைப்படங்களும் எடுத்தார். 1990-இல் இறக்கும்வரை அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. ஃபதேபூர் சிக்ரியின் கல்தளம், கடற்கரை மணலும் நீரும், சாலைக் கோடு என்று அடையாளம் தெரிகிற பொருள்களே அவற்றில் இருக்கின்றன. கல்தளம் என்று அறிந்துகொண்ட பிறகுதான், அந்தக் கல்லில் அவர் எந்தக் கோட்டை எடுத்துக்கொண்டார், எதை இருட்டில் விட்டார் என்று நாம் கணக்கிட முடிகிறது. விடை தெரிந்த பிறகு தொடங்கும் இந்த இரண்டாவது பார்வைதான் கலைப் பார்வை. விடையை மறைத்து வைப்பவர் அந்தப் பார்வைக்குப் போகும் வழியை அடைக்கிறார்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கூர்மையானது. கேமராவே இல்லாமல் இருட்டறையில் செய்யும் படங்கள் இருக்கின்றன, அவற்றில் பொருள் எதுவும் இல்லையே, அங்கே 'இது என்ன?' என்பது அர்த்தமற்ற கேள்விதானே என்பார்கள். 2000-இல் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு பெற்ற புகைப்படக் கலைஞர் வொல்ஃப்காங் டில்மன்ஸ் 'ஃப்ரைஷ்விம்மர்' என்ற வரிசையில் இப்படித்தான் செய்தார். நீரில் மை கலைவதுபோலவும் தோலின் மயிரிழை போலவும் தோன்றும் அந்தப் பெரிய படங்களில் மையும் இல்லை, தோலும் இல்லை. ஒளியுணர் தாளின் மேல் ஒளியை நேராக அசைத்துச் செய்தவை. அங்கேயும் கேள்விக்குப் பதில் உண்டு என்பேன். 'இது, இந்தத் தாளில் ஓர் ஒளி நகர்ந்த தடம்' என்பதே பதில். அதைக் கேட்டதும் பார்ப்பவர் தோலைத் தேடுவதை விட்டுவிட்டுக் கையின் அசைவைத் தேடத் தொடங்குகிறார். கேள்வி பொருளிலிருந்து செய்முறைக்கு நகர்ந்தது, செத்துப்போகவில்லை. நாளைக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசியமாகும். நாலு சொல் தட்டினால் கறுப்பும் கலங்கலுமாகப் படம் கக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. அவை தரும் மூட்டத்துக்கு எதிரே எந்த மேகமும், எந்தத் தூசியும், எந்த நடைவழியும் இருந்ததில்லை. மூட் மட்டும் போதும் என்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். 'இது என்ன?' என்று கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமே இரண்டும் வேறு வேறு.

ஆகவே மூன்று தரப்புக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கண்காட்சி நடத்துகிறவர்களே, இருண்ட படத்துக்கு எதிரே வெள்ளைச் சுவரையும் ஜன்னலையும் வைக்காதீர்கள். பிரதிபலிக்காத கண்ணாடி போட முடியாவிட்டால் கண்ணாடி இல்லாமல் மாட்டுங்கள், முன்னால் உட்கார ஒரு பெஞ்சு போடுங்கள். கலைஞர்களே, எங்கே எடுத்தோம், எதை எடுத்தோம், எப்படிச் செய்தோம் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். கேட்பவரைப் பாமரர் என்று நினைக்காதீர்கள், உங்கள் கலை எந்த நம்பிக்கையின் மேல் நிற்கிறதோ அதை உங்களுக்குக் கொடுத்திருப்பவர் அவர்தான். பார்வையாளர்களே, உங்களுக்குச் சொல்வது இன்னும் சுருக்கம். கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் கிடைத்தவுடன் நகர்ந்துவிடாமல் இன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் படம் உங்களுக்கு எதையும் தராவிட்டால், பிடிக்கவில்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். பொய்யான பாராட்டைவிட அது கலைக்குச் செய்யும் பெரிய மரியாதை.